நூற்றிருபத்தைந்தா, முந்நூற்றைம்பதா

நேற்று நெரவியில் பஸ்சுக்காக நின்றிருந்தேன். சாலையோர வயலில் ஒருவர் மருந்தடிக்கும் மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார். இரண்டு முறை இருமிவிட்டு அது ஓடத் தொடங்கியது. நீலப் புகை கிளம்பிச் சாலைக்கு வந்தது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரியும் அந்த வாசனை உனக்குத் தெரியும். பஸ் வந்து நின்றது, நடத்துநர், “பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?” என்று கேட்டார். நான் ஏறவில்லை.

பிரான்சிலிருந்து உன் மகளின் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நீ போய்விட்டாய் என்று நான்கு வரியில் எழுதியிருந்தாள். பதில் எழுதவில்லை. முகம் பார்த்திராத பெண்ணுக்கு நான் என்ன எழுதுவது? என்னிடம் இருப்பது உன்னோடு தீர்க்கவேண்டிய வழக்கு. நீ இல்லை என்பதற்காக அதைத் தள்ளுபடி செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ எதையும் பாதியில் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவன்.

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய வருஷம், பங்குனியில், மேரி என்று நாம் சொன்ன நகரசபைக் கட்டடத்துச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். மழைக்காலத்தில் கிராமங்களுக்குத் தபாலும் ஆஸ்பத்திரி மருந்தும் கொண்டுபோக மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். ஆடி பிறந்ததும் பரீட்சை. ஆற்றிலும் கரையிலும் வயலிலும் ஓட்டிக் காட்டவேண்டும். முந்தி வருவதற்கு மதிப்பில்லை. தரையில் கால் ஊன்றாமல் வரவேண்டும். ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குறை. வண்டி நின்றுவிட்டால் ஐந்து.

அந்த வேலை உனக்கு எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா தீர்த்துச் சொல்லியிருந்தார்: “ஆடிக்குள்ள உள்ளூர்ல ஒரு வேலை பாத்துக்க. இல்லன்னா பட்டாளத்துல பேரு குடுத்துட்டுக் கப்பலேறு.” மூன்று அண்ணன்களுக்குப் பிறகு உனக்குப் பிரித்துத் தர நிலம் இல்லை. நீ நெரவியை விட்டு நாகூருக்குப் போனால்கூட மூன்றாம் நாள் முகம் வாடி வருகிறவன்.

விளம்பரத்தைப் படித்ததும் நேராக என்னிடம் வந்தாய். நான் அப்போது மாமாவின் கடையில் இருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் சைக்கிளும் தையல் மிஷினும் விற்கும் கடை. விலைபோகாமல் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பின்கட்டில் கிடந்தன. ஒன்று பிரான்சில் செய்த நூற்றிருபத்தைந்து சி.சி.; எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுவது, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். மற்றது இங்கிலீஷ்காரன் செய்த முந்நூற்றைம்பது.

மாமா பரீட்சைக்கு ஒன்றை இரவல் தரச் சம்மதித்தார். “எதை வேணும்னாலும் எடுத்துக்கங்கடா. ஒடச்சீங்க, ரெண்டு பேரு தோலையும் உரிச்சுச் சீட்டுக்குத் தச்சுப் போட்டுருவேன்.”

எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. இப்போதும் அதுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வண்டியோடு வந்த இயந்திரப் புத்தகத்தை, ஒரு கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தோண்டிப் படித்தவன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நான் படித்ததை யாரும் மறுத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. படித்ததை உனக்குச் சொன்னேன். மெதுவாகப் போகவேண்டிய பரீட்சையில் வேகம் உதவாது, இழுவைதான் உதவும். சின்ன எஞ்சின் கத்தினால்தான் இழுக்கும். கத்தும்போது சக்கரம் வழுக்கும், அடக்கினால் அணைந்துபோகும். பெரிய எஞ்சின் மாடு அசைபோடுவது போல ஓடினாலும் நிற்காது.

சித்திரையில் அரசலாற்றில் போய்ப் பார்த்தோம். ஆறு காய்ந்து வெறும் மணல். கருவேலங்குச்சிகளை நட்டு வளைந்து வளைந்து பாதை போட்டோம். முதலில் நீ சின்ன வண்டியில் போனாய். அது அலறியது. பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கியது. இடது கால், வலது கால், மறுபடி இடது கால். “கோழி கெளறுன மாதிரி இருக்குடா” என்றேன். அடுத்து முந்நூற்றைம்பது. டுப், டுப் என்று ஒவ்வோர் அடியையும் எண்ணலாம். கடைசிக் குச்சிவரை நீ கால் ஊன்றவில்லை. நீயே கண்ணால் பார்த்தாய்.

பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? வண்டியை நிறுத்திவிட்டு, ஆற்றின் நடுவே குந்தி மணலைக் கையில் அள்ளிக்கொண்டு சொன்னாய்:

“பாய், இதெல்லாம் இப்ப. ஆடியில இங்க தண்ணி வந்துருமே.”

“கடைமடைக்கு எந்தக் காலத்துலடா தண்ணி நேரத்துக்கு வந்துச்சு? போன வருஷம் பதினெட்டாம் பெருக்குக்கே பொம்பளைங்க ஆத்துல ஊத்துத் தோண்டிக்கிட்டு நின்னாங்க.”

“போன வருஷம் வரல. இந்த வருஷம் வந்துட்டா? வயலெல்லாம் உழுது சேறா கெடக்கும். சேத்துல கனத்த எறக்கக் கூடாது பாய். நாங்க உம்பளச்சேரி மாட்டத்தான் பூட்டுவோம். குட்டை மாடு, சின்னக் காலு. வடக்கேருந்து வந்த பெரிய மாட்ட எறக்குனா வயிறு மட்டும் போயி நின்னுக்கும்.”

“மாட்டுக்குப் புத்தகம் இருக்கா? இதுக்கு இருக்கு. நான் படிச்சிருக்கேன்.”

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. “சின்ன வண்டியத்தான் எடுப்பேன்னா எடுத்துக்க. அன்னைக்கு என்னைத் தேடாத, நான் வரமாட்டேன்” என்றேன்.

நீ கையிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு எழுந்தாய். “சரி பாய். பெரிசே இருக்கட்டும். நீ கரையில நில்லு, அது போதும்.”

அன்றிலிருந்து தினமும் மணலில் பழகினோம். வைகாசி முழுதும் பழகினோம். உன்னை மாதிரி ஒருவன் மணலில் முந்நூற்றைம்பதை ஓட்டி நான் பிறகு பார்த்ததில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஆனி கடைசியில் தண்ணீர் வந்தது. பாலத்தில் நின்று பார்த்தோம். நுரையும் சருகுமாக அது நம் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டு போனது. மாமா அன்றே சொன்னார், வண்டியை மாற்றிக்கொள்ள இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் குனிந்து முந்நூற்றைம்பதின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். நீ வண்டியை மாற்றக் கேட்கவில்லை. மறுநாள் போலகத்துத் தையல்காரர் வந்தார். மாமாவிடம் மிஷின் வாங்கிய பழக்கத்தில், நாம் வேண்டாமென்று விட்ட சின்ன வண்டியைப் பரீட்சைக்கென்று இரவல் கேட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

பரீட்சை அன்று ஆறு நிறைந்து ஓடியதால் ஆற்றுப் பகுதியை விட்டுவிட்டார்கள். கரையிலிருந்து இறங்கி, நடவுக்கு உழுது வைத்திருந்த வயலைக் கடந்து, மறுபடி கரையேறவேண்டும். அவ்வளவுதான். நீ இறங்கினாய். எஞ்சின் நிற்கவில்லை. நான் சொன்னது போலவே அது கடைசிவரை நிற்கவில்லை. வயலின் பாதியில் பின்சக்கரம் மட்டும் கீழே போனது. சங்கிலி மறைந்தது. நீ மிதியில் எழுந்து நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தாய். வண்டி சாய்ந்தது. அப்போதும் நீ கால் ஊன்றவில்லை. வண்டியோடு சேர்ந்து சேற்றில் படுத்தாய்.

கரையில் யாரோ கேட்டார்கள், “ஏங்க, அவரு நாத்து நட வந்தாரா, வண்டிய நட வந்தாரா?” கூட்டம் முழுவதும் சிரித்தது. ஒரு ஜோடி மாட்டைப் பூட்டித்தான் வண்டியை இழுத்தார்கள். என்ன மாடு என்று எழுத மாட்டேன்.

தையல்காரர் இரண்டே இடத்தில் கால் ஊன்றிக் கரையேறிவிட்டார். பரீட்சை நடத்திய பிரெஞ்சுத் துரை அவருக்குக் கைகொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துத் தையல்காரர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “பொழுதுக்கும் மிதியிலேருந்து கால எடுக்காம உக்காந்திருக்கவன்ங்க நான். எனக்கு இதெல்லாம் பெரிசா?”

நீ முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டு கரைக்கு வந்தாய். நான் உன்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “கிளச்ச சீக்கிரமா விட்டுட்ட” என்பது. நீ தலையாட்டினாய். “ஆமா பாய், விட்டுட்டேன்.”

விடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஆவணியில் நீ பட்டாளத்தில் பேர் கொடுத்தாய். சைகோனுக்குப் போனாய், அங்கிருந்து பிரான்சுக்கு, பிறகு அங்கேயே. ஊர் எனக்கு முந்நூத்தம்பது மரைக்கார் என்று பேர் வைத்தது. என் கல்யாணப் பந்தலில்கூட ஒருவன் அப்படிக் கூப்பிட்டான். மாமா சாகும்வரை, “அந்தப் புள்ளைய நாடு கடத்துனவன்” என்றார். எல்லோருக்கும் பதில் சொன்னேன். மணலில் முந்நூற்றைம்பதுதான் சரி என்று சொன்னேன். சண்டை போட்டேன். சில வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். நீ ஒருவன் மட்டும் சண்டைக்கு வரவில்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதினாய். பனியைப் பற்றி எழுதினாய், உருளைக்கிழங்கைப் பற்றி எழுதினாய், ஒரு கடிதத்திலும் அந்த வண்டி இல்லை.

ஒரே ஒரு முறை வந்தாய். தலை நரைத்து, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தாய். என் மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தோம். இன்றைக்குக் கேட்பான் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். நீ சாலையைப் பார்த்தபடி சொன்னாய்:

“அந்த வருஷம் தண்ணி நல்லா வந்துச்சுல்ல பாய். குறுவை நல்லா வெளஞ்சுதாம். அப்பா கடுதாசி போட்டிருந்தாரு.”

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் மூன்றாவது டீ சொல்லவில்லை. நீ எழுந்து போய்விட்டாய். நீ திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். “உன்னாலதான் பாய்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாற்பது வருஷப் பதிலையும் உன் தலையில் கொட்டியிருப்பேன். அதற்குப் பிறகு நாம் இரண்டு கிழவர்களாகச் சிரித்திருக்கலாம். நீ எனக்கு அந்த இடத்தைத் தரவில்லை. இதுதான் உன்மேல் என் வழக்கு.

இப்போது மாமா இல்லை. தையல்காரர் இல்லை. என்னை முந்நூத்தம்பது என்று கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நேற்று அந்த வயலோரத்தில் நின்றபோது, ஒருவனாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டானா என்றிருந்தது. மருந்தடித்தவர் வரப்புக்கு வந்து, “யாரைங்க தேடுறீங்க?” என்று கேட்டார். உன் அப்பா பேரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை.

மணலில் முந்நூற்றைம்பதுதான். அதில் மாற்றமில்லை.

ஆனால் பட்டறைக்கு வந்து வண்டி வாங்க யோசனை கேட்கிறவர்களிடம், எத்தனை சி.சி. வேண்டுமென்று நான் கேட்பதில்லை. “எங்க ஓட்டப் போறீங்க, எந்த மாசத்துல?” என்று கேட்கிறேன். பலர் சிரிக்கிறார்கள். மாசத்துக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். மாசத்தைச் சொல்லும்வரை வண்டியைத் தொட விடுவதில்லை. உன் கப்பல் போன வருஷத்திலிருந்து இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் சொல்லித் தந்தது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

உன் மகளுக்கு நாளை பதில் எழுதுவேன். உன் அப்பன் சேற்றில் விழுந்தபோதும் கால் ஊன்றாதவன் என்று எழுதுவேன். கிளச்சைப் பற்றி எழுத மாட்டேன்.