மூடி திருகாத பாட்டில்கள்

அன்புள்ள தம்பிக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவது முறை. ஆவல் நிறைய இருக்கிறது. நலமறியத்தான் வழியைக் காணோம். என் தங்கையின் உடம்பைப் பற்றிச் சொந்தக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள நீங்கள் ஆரம்பித்த இணையப் பக்கத்தை ஒரு நாளும் விடாமல் படிக்கிறேன். நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். அதுதான் உறுத்துகிறது. என் தங்கையைக் கட்டிய நாள் முதல் "ம்", "சரிங்க" என்பதைத் தாண்டி என்னிடம் பேசாத மனிதருக்கு, பத்தி பத்தியாக எழுத எங்கிருந்து வந்தது?

'ஊசி மருந்து இன்னொரு சுற்று முடிந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். யாரும் போன் செய்ய வேண்டாம், பார்க்க வர வேண்டாம், கிருமி தொற்றிவிடும்.' எப்போது பார்த்தாலும் இதே பல்லவி. சொந்தபந்தமெல்லாம் கீழே ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அப்படிப் போகிறவள் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்துப் பார்த்து, ஓர் ஆள் என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உங்கள் படங்களும் ஜன்னல் பக்கமேதான் திரும்பியிருக்கின்றன. ஜன்னல், போர்வை, மேஜை மேல் மருந்து. அவள் முகம் எங்கே? சிரிக்கிறாள் என்றால் அதைக் காட்டினால் குறைந்தா போய்விடும்? இன்னொன்றும் கேட்கிறேன். தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டில், தைல டப்பா, ஒன்றுக்குக்கூட மூடி திருகப்படவில்லை. மூடியெல்லாம் சும்மா மேலே வைத்திருக்கிறது. ஈ விழாதா, தூசி விழாதா? கிருமி கிருமி என்று எங்களை விரட்டுகிறவருக்கு ஒரு மூடியைத் திருகக் கை வலிக்கிறதா?

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? அவளை ஒரே ஒரு முறை என்னோடு பேசவிடுங்கள். பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்கா

*

என் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

இந்தத் தடவை உன் பெயருக்கே அனுப்புகிறேன். போன கடிதத்தைப் பிரித்தவளும் நீதான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அடுத்து வந்த படத்தில் மேஜை துடைத்து வைத்தாற்போலக் காலி. பாட்டிலையே காணோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேண்டுமென்றே ஒரு பொய்யை அந்தப் பக்கத்தில் எழுதிப் போட்டேன்: 'சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தவளை நான்தான் தூக்கிவிட்டேன், இதிலிருந்தும் அவள் மீண்டு வருவாள்' என்று. பஸ் அடுத்த நிறுத்தத்தைத் தொடுவதற்குள் உன் வீட்டுக்காரர் பெயரில் பதில்: 'விழுந்தது அக்கா. சடையைப் பிடித்து வெளியே இழுத்தது தங்கை. கன்னத்தில் ஓர் அறையும் விட்டாள்.'

அடிப்பாவி! அந்த அறை அப்பாவுக்கே தெரியாதே. செத்தாலும் யாரிடமும் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தோமே. படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் நான் உன்னை முந்தினால் உனக்குப் பொறுக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தேன். டிக்கெட் எடுக்காத ஒருவன், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று பயந்து இறங்கி ஓடிவிட்டான்.

அப்புறம்தான் யோசனை வந்தது. அவர் பெயரில் நீ ஏன் எழுத வேண்டும்? அவருடைய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் வெள்ளந்தியாக, "அவரு மாற்றல் கேட்டு வாங்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சே, வீட்டுல உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். இந்த நிலையில் உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மருந்தினால் விரல் மரத்துப்போகிறது என்று நீயே ஒரு நாள் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாய். இறுக்கி மூடினால் திறந்து கொடுக்க ஆளில்லை, அதனால்தான் எல்லா மூடியையும் அப்படியே வைத்திருக்கிறாய். அதற்குப் போய் நான் வாய்க்கு வந்தபடி எழுதினேன். நீ தனியாக உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறாய்.

எதற்குப் பயந்து மறைத்தாய் என்று தெரியும். நோய்க்கு இல்லை, என் வாய்க்கு. "நான் அப்பவே சொன்னேன், இவன் வேணாம்னு" என்று வந்து நிற்பேன் என்றுதானே? பொய் சொல்லவில்லை, நாக்கு நுனியில்தான் நிற்கிறது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். 'பார்க்க வர வேண்டாம்' என்பதெல்லாம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. நான் தங்க வருகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவேன். கிருமியும் வராது, என் வாயும் மூடியிருக்கும். உனக்கு இரட்டை லாபம். கதவைத் தாழ் போடாதே. சும்மா சாத்தி வை, போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். எழுந்து நடமாடி, என்னோடு மல்லுக்கட்டும் அளவுக்கு உன் கையில் தெம்பு வரட்டும். அன்றைக்கு அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல்கிறேன், நீ பழையபடி ஓங்கி ஓர் அறை விடு. அதுவரை சொல்ல மாட்டேன். எத்தனை நாள்தான் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பேன்? சீக்கிரம் எழுந்து வா, தங்கச்சி.

இப்படிக்கு,
தொட்டியில் விழுந்த அக்கா