ஏழு பேர் வீடு

மார்ச் 4

அன்புள்ள மண்வெட்டிக்கு,

'நீங்கள்' என்று தொடங்கி ஒரு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. பிரிந்து இத்தனை வருஷம் கழித்து மரியாதை கொடுத்தால் நீயே சிரிப்பாய். அதனால் பழையபடி 'நீ'தான். முகவரியை மகளிடம் வாங்கினேன். "எதுக்குப்பா, மறுபடியும் சண்டையா?" என்றாள். இல்லை, கட்டுரை என்றேன்.

அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பிழை திருத்திய கை சும்மா இருக்கவில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் யாரோ எழுதும் கட்டுரைகளைச் சரிபார்க்கிறேன். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. போன வாரம் உன் வாழ்க்கை வரலாறு வந்து வரிசையில் நின்றது.

படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். படத்தில் இருப்பது நீ இல்லை, உங்கள் தொல்லியல் துறை இயக்குநரின் மனைவி. நீ தோண்டியெடுத்த அந்தக் கைத்தடச் சுவரைக் கண்டுபிடித்தவர் இயக்குநராம். நீ 'உடன் உதவினார்'. போதாததற்கு, கணவருடன் நிம்மதியாக வசித்துவருகிறாயாம்.

சொந்தக்காரர்கள் கட்டுரையில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பிரிந்துபோனவனும் சொந்தக்காரன்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். ஆகவே திருத்தப்போவது என்னைப்போல அங்கே சரிபார்க்கும் ஒரு மருந்துக்கடைக்காரர். நேரில் பார்த்ததில்லை, பிடிவாதக்காரர். நான் சான்றுகளைத் தேடிக் கொடுக்கலாம், அவ்வளவே.

அப்படித் தேடப்போய்த்தான் உன் அகழாய்வு அறிக்கையை நூலகத்தில் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீடு. மண் பூசிய சுவரில் ஏழு உள்ளங்கைத் தடங்கள், சிறியதும் பெரியதுமாக. 'இந்த வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள்' என்று நீ எழுதியிருந்த வரியில் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் "சார், உடம்புக்கு முடியலையா?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

உன் சம்மதம் வேண்டும்.

இப்படிக்கு,
கமா

மார்ச் 15

அன்புள்ள கமாவுக்கு,

அந்த அறிக்கை அச்சானபோது உங்கள் மேசையில்தான் ஒரு பிரதி வைத்தேன். அதன்மேல் தேநீர் தம்ளரை வைத்தீர்கள். போகட்டும், படித்தீர்களே.

சம்மதம். படத்தை மட்டும் உடனே மாற்றச் சொல்லுங்கள். அந்த அம்மாளுக்கு என்னைவிட நல்ல மூக்கு, எனக்குப் பொறுக்கவில்லை.

சுவரைக் கண்ட நாளைப் பற்றி நீங்கள் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் குழிக்குள் மண்டியிட்டுத் தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்வாக விழுந்தது. சுவரிலிருந்து ஒரு குழந்தை 'நில்லு' என்று கை காட்டுவதுபோல இருந்தது. நிஜமாகவே நின்றுவிட்டேன். தூரிகை எங்கே விழுந்தது என்று தெரியாது. பிறகு இன்னொரு கை, அதற்கு மேலே இன்னொன்று. நான் கத்தவில்லை. கத்தினால் அவர்கள் பயந்துபோய்விடுவார்கள் என்று தோன்றியது. சிரிக்காதீர்கள்.

உயரத்தையும் அளவையும் வைத்து அப்பா, அம்மா, பிள்ளைகள் ஐந்து பேர் என்று பிரித்தேன். அந்த ஏழு பேரோடுதான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன். மகள்கூட ஒருமுறை சொன்னாள்: "அம்மா, உனக்கு நாங்க ரெண்டாவது குடும்பம்."

முழங்கால் வலி இருக்கிறது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பானை ஓடு. தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். மற்றபடி நலம்.

மண்வெட்டி

ஏப்ரல் 2

அன்புள்ள மண்வெட்டிக்கு,

படம் மாறிவிட்டது. இயக்குநர் தன் பழைய பேட்டி ஒன்றில் 'சுவர் அந்தப் பெண்ணின் கண்ணுக்குத்தான் பட்டது' என்று வாய்தவறிச் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக் கொடுத்தேன். இனி கண்டுபிடித்தவர் நீதான், யாரும் அசைக்க முடியாது.

இப்போது சொல்ல வந்தது வேறு. மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

சான்று தேடியபோது போன மாதம் வந்த ஓர் ஆய்விதழ் கிடைத்தது. இரண்டு இளம் ஆய்வாளர்கள் உன் சுவரைக் கருவி வைத்து அடுக்கு அடுக்காகப் படம் எடுத்திருக்கிறார்கள். ஏழு கைகளும் ஒரே பூச்சில் இல்லையாம். அந்தச் சுவரைப் பலமுறை பூசியிருக்கிறார்கள்; ஒவ்வொரு பூச்சிலும் ஒரு கை. பூச்சு அங்கங்கே உதிர்ந்ததால் ஏழும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. உள்ளே இருப்பது மிகச் சிறிய கை, வெளியே வர வர பெரிசாகிறது. ஏழிலும் சுண்டுவிரல் ஒரே மாதிரி வளைந்திருக்கிறது.

ஏழு பேர் இல்லை, மண்வெட்டி. ஒரே ஆள்.

மருந்துக்கடைக்காரர் இன்னும் இதைப் பார்க்கவில்லை. நான் சொல்லாவிட்டால் கட்டுரை இப்படியே போய்விடும். வாழ்க்கை முழுக்க ஒற்றுப்பிழையைக்கூட விடாதவன், இதில் எனக்குக் கை ஓடவில்லை. என்ன செய்யட்டும்?

கமா

ஏப்ரல் 29

அன்புள்ள கமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பழைய புகைப்படங்களைத் தரையில் பரப்பிப் பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்துக்கொண்டேன். வேலைக்கார அம்மா உள்ளே வந்து, "ஐயோ, விழுந்துட்டீங்களா?" என்று அலறிவிட்டாள்.

சுண்டுவிரல் வளைந்துதான் இருக்கிறது. ஏழிலும். எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன்! ஏழு பேரை எண்ணினேனே தவிர, ஒருத்தி வளர்வதைப் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாது. நான் அவள் என்றே சொல்கிறேன். தத்தித் தத்தி நடந்த வயசில் ஈரச் சுவரில் கை வைத்தாள். அடுத்த பூச்சில் மறுபடி. எட்டும் உயரம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு முழு வளர்த்தி, கமா! அதுவும் ஒரே சுவரில். என் ஏழு பேர் போனதற்கு முதலில் அழுகை வந்தது. பிறகு வந்த அழுகை வேறு.

அந்த ஆய்வாளர் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தேன். என் பெயரைச் சொன்னதும், "மேடம், கோபமா?" என்றாள். "கோபமா? நான் நாற்பது வருஷமா பார்க்காததை நீ பார்த்திருக்கியேம்மா!" என்றேன். ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது அந்தப் பெண். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

மருந்துக்கடைக்காரரிடம் சொல்லுங்கள். ஒளிக்காமல், கட்டுரையின் மேல் பத்தியிலேயே போடட்டும்: நான் ஏழு பேர் என்றேன், அது தவறு.

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் படிந்து மூடியிருந்த இடத்தைச் சுத்தம் செய்கிறார்களாம். வருகிற பதினோராம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒருதடவைகூட அங்கே வந்ததில்லை. வாருங்களேன்.

மண்வெட்டி

மே 13

அன்புள்ள மண்வெட்டிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். கட்டுரை தேறிவிட்டது. நீ சொன்னபடி தவறு மேல் பத்தியில் இருக்கிறது. 'இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை' என்று மருந்துக்கடைக்காரர் எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

நேற்று முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. கண்ணை மூடினால் உன் சுவருக்கு மேல் போட்டிருக்கும் அந்தத் தகரக் கொட்டகைதான். கதவைச் சாத்தி, அந்த ஆய்வாளர் பெண் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாளே, அதுவரை வெறும் மண்ணாக இருந்தது எப்படி எழுந்து வந்தது! ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே ஏறி, கடைசிக் கை என் தோளுயரத்துக்கு வந்து நின்றபோது நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது.

பிறகு அவள் விளக்கைத் தரைக்குக் கொண்டுபோனாள். உப்பு நீக்கிய இடத்தில், எல்லாவற்றுக்கும் வெளியே இருந்த கடைசிப் பூச்சில், அதே வளைந்த சுண்டுவிரலோடு பெரிய கை. என் முழங்காலுக்கும் கீழே. "வளர்ந்த ஆள் கை இவ்வளவு கீழே எப்படி வந்ததுன்னு எங்களுக்குப் புரியல மேடம்" என்றாள். விளக்கை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பெரிய கையை ஒட்டி ஒரு குட்டிக் கை. அதன் சுண்டுவிரல் நேராக இருந்தது. வேறு யாரோ, புதிதாக வந்தவர்.

நீதான் மெதுவாக, அவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாய்:

"உட்கார்ந்திருக்கா."

எல்லோரும் உன்னைப் பார்த்தோம்.

"பிள்ளைக்கு எட்டணும்ல. பக்கத்துல உட்கார்ந்து காட்டிக் கொடுக்கிறா."

இதைக் கட்டுரையில் சேர்க்க வழியில்லை. சான்று கேட்பார்கள். எந்த ஆய்விதழும் அச்சிடவில்லை, அந்தக் கொட்டகையில் நின்ற நம்மைத் தவிர சாட்சியும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மேசையைக் காலி செய்யாதே. நானும் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

கமா