கப் எந்தக் கையில்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று முதல் வரியில் எழுதிவிட்டு உடனே வேறு கதைக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்த முறை அதைக் கேள்வியாகவே கேட்கிறேன், பதில் வேண்டும். இந்தக் கடிதத்தை, உன் பயணத்தைக் கண்காணிக்கும் அலுவலகத்துப் பெண் படித்துப் பார்த்த பிறகுதான் உன் படகுக்கு அனுப்புவார். காற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ எந்தப் பக்கம் திரும்புவது என்றோ கரையிலிருந்து ஒரு வார்த்தை வந்தாலும், நீ உலகத்தைத் தனியாகச் சுற்றியதாகக் கணக்கில் வராதாம். அதனால் நம் மொட்டை மாடியில் துணி காய்ந்ததா இல்லையா என்று எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

அண்ணனுக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது, மதியம் போய் இரவு வருகிறான், சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. என் முழங்கால் பரவாயில்லை, லிஃப்ட் ரிப்பேருக்கு இன்னும் நான்தான் போகிறேன், மாடி ஏறும் வேலை இருந்தால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூட்டிக்கொள்கிறேன். கீழே முடிவெட்டும் கடைக்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் உலகப் படம் ஒட்டியிருக்கிறார். இணையத்தில் உன் படகின் புள்ளி நகர நகர இவர் ஒரு குண்டூசியை நகர்த்துகிறார். வருகிறவர்கள் பாதி வெட்டிய தலையோடு எழுந்துபோய்ப் பார்க்கிறார்கள். நேற்று என்னை நிறுத்தி, "நம்ம பொண்ணு படத்தோட ஓரத்துக்கே வந்துட்டா, இனிமே சுவத்துலதான் குத்தணும்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். படியேறும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் புள்ளி நின்றுபோன நாளைப் பற்றி உனக்கு இதுவரை முழுதாக எழுதவில்லை. காலையில் நின்றது, மதியம் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போதும் அதே இடத்தில் இருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினார். நீ ஆபத்துப் பொத்தானை அழுத்தவில்லை, கருவி மட்டும் கெட்டிருக்கலாம் என்றார். பிறகு, "நீங்க வீட்டுக்காரங்களா கேட்டா, பக்கத்துல போற சரக்குக் கப்பலைத் திருப்பச் சொல்லுவோம். ஆனா கப்பல் வந்து நின்னுட்டா அவங்க பயணம் அதோட முடிஞ்சுது. கேக்கறீங்களா?" என்றார். நீ அந்தப் படகை ஒட்டுப்போட்டுத் தேற்றிய வருஷங்கள் எல்லாம் கண்முன் வந்தன. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய், முடிவெட்டும் கடை பெஞ்சில் குண்டூசியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். இருட்டுவதற்கு முன்பு புள்ளி நகர்ந்தது. பேட்டரி இறங்கிவிட்டதால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டதாகவும், நன்றாக இருப்பதாகவும் இரண்டு வரி அனுப்பினாய். கடைக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைக் குடிக்கவில்லை என்று அவர்தான் சொன்னார்.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். கப்போடு சிரிக்கிறாய், முகம் கறுத்து இளைத்திருக்கிறது, அதை விடு. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ எப்ப இடது கையால டீ குடிச்சா?" என்றாள். செல்போனில் தன்னைத்தானே எடுத்தால் இடம் வலமாகத் தெரியும் என்று அண்ணன் விளக்கினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது என் பழைய லிஃப்ட் கம்பெனி கொடுத்த கப். அதில் கம்பெனிப் பெயர் நேராகத்தான் இருக்கிறது, இடம் வலமாகத் திரும்பவில்லை. வலது கை எங்கே என்று தேடினால், சட்டைக்குள் போகிறது. சின்ன வயதில் நீ மதிலிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தபோதும் இப்படித்தான், கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி ராத்திரிச் சாப்பாடுவரை உட்கார்ந்திருந்தாய்.

என் வேலையில் ஒன்று பார்த்திருக்கிறேன். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் மணியை அடித்து ஊரைக் கூட்டுபவரைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அடிக்காமல் இருப்பவர்தான் என்னை ஓட வைப்பார். கதவைத் திறந்தால், தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று மூலையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பார். நீ அந்த ரகம். அதனால் நானும் அம்மாவும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இனி அந்தப் புள்ளி காலையிலிருந்து மதியம்வரை நின்றால், அந்தப் பெண் கேட்கும் கேள்விக்கு நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. பேட்டரியை அணைப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு அணை. கோபம் வந்தால் வரட்டும், கரையில் என் எதிரே நின்று, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபமாக இரு. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். புள்ளி நின்ற அன்றைக்குப் பிறகு இன்றுதான் என் தட்டில் அவளே சாப்பாடு போட்டாள்.

காயம் இருந்தால் அலுவலகத்து டாக்டரிடம் மறைக்காதே. டாக்டரிடம் கேட்பது விதிக்கு உட்பட்டதுதான் என்று அந்தப் பெண்ணிடம் விசாரித்துவிட்டேன். ஈரத் துணியோடு படுக்காதே. பசிக்காவிட்டாலும் சாப்பிடு. சுற்றி முடித்து வந்தாலும், பாதியில் வந்தாலும், நீ முழுசாக வந்து சேர வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு.

பதிலோடு ஒரு படம் அனுப்பு. சிரிக்க வேண்டியதில்லை. வலது கையை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டு.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே இருக்கும்
அப்பா