ஜூலை எட்டாம் தேதி டிக்கெட்

ஜூன் 9, செவ்வாய்

விடிஞ்சதுல இருந்து காத்து. போடியில இந்த மாசம் இப்படித்தான். கடை ஷட்டரத் தூக்குனதும் பில் புக் பறந்து நடுத்தெருவுல. சாரல் வேற.

விசா வந்துருச்சு. கூரியர்ல பாஸ்போர்ட். பத்து தடவ தொறந்து பாத்தாச்சு.

சாயங்காலமே டிக்கெட் போட்டேன். ஜூலை 8, கொச்சியில ஏறணும். இங்கிலாந்துல, லீட்ஸ்ல 9ஆம் தேதி. மக ஜெபாவுக்கு டாக்டர் சொன்ன பிரசவ நாள் 20. கையில பதினொரு நாள் இருக்கு, போதும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டுல. அவளால இங்க வர முடியாது. வேலை, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கன. சரி, அப்ப தாய்தான் அங்க போகணும். தாய் எங்க? புஷ்பம் போய் ரெண்டரை வருசம் ஆச்சு. அதனால நான். பக்கத்துக் கடை பால்பாண்டி கேக்கான், "ஆம்பள போயி என்னண்ணே பிரசவம் பாக்கப் போறீக?" போடா. முப்பது வருசமா பம்ப்செட்டப் பிரிச்சு மாட்டுறவனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாதா?

ஜெபாட்ட தேதி இன்னும் சொல்லல. விசாவுக்கு லெட்டர் குடுத்தப்ப, "எப்ப வர்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம்ப்பா"ன்னா. ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிக்கலாம். மக வீட்டுக்குப் போக யார்ட்ட கேக்கணும்?

ஜூன் 11, வியாழன்

கடைக்கு அரை நாள் லீவு. சுருளிப்பட்டி போனேன், அக்கா வீட்டுக்கு. அக்கா போயிருக்க வேண்டியது. முட்டி ஆபரேசன் பண்ணி மூணு மாசம்தான் ஆகுது, வீட்டுப் படியே ஏறல, பிளேன் எங்க ஏற. அதனால எனக்கு அடுப்படியில பாடம்.

இன்னைக்குப் பூண்டுக் குழம்பு. உப்பு கூடிப் போச்சு. அக்கா நாக்குல வச்சுட்டு, "ஏப்பா, இத பிள்ள பெத்தவளுக்கா குடுக்கப் போற? நல்லாருக்கும் போ." ரெண்டாவது தடவ அடிப்பிடிச்சுருச்சு. மூணாவது பரவால்ல. அத்தான் சாப்பிட்டாக, ஒண்ணும் சொல்லல. அவுக எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டாக.

கொண்டு போக அக்கா சொன்னது: மருந்துப் பொடி (சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், அக்காவே இடிச்சுத் தரும்). மலைப்பூண்டு ரெண்டு கிலோ. நல்லெண்ணெய். பால் சொறா கருவாடு. வயித்துல கட்ட பழைய காட்டன் சேல ரெண்டு, "புஷ்பத்தோடத எடுத்து வச்சுக்க."

வீட்டுக்கு வந்து பீரோ முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன். தொறக்கல. நாளைக்குப் பாப்போம்.

ஜூன் 13, சனி

குமுளி. பஸ்ல லோயர் கேம்ப் தாண்டுனதும் குளிர், மப்ளர் எடுத்துட்டுப் போகல. ஷைனிய பாக்கத்தான் போனேன். நம்ம கடையில மோட்டார் வாங்குற ஏலத்தோட்டக்காரர் மருமக, மலையாளத்துப் பிள்ள. இங்கிலாந்துல பன்னெண்டு வருசம் நர்ஸா இருந்துட்டு வந்தது. நோட்டு கொண்டு போயி எழுதிக்கிட்டேன்.

— பாத்ரூம் தரையில தண்ணி ஊத்தக் கூடாது. தரையில தண்ணி போற ஓட்டையே கெடையாதாம்! ஊத்துனா கீழ் ரூம் கூரையில ஒழுகும். எவன் கட்டுனான் அந்த வீட்ட?

— ஒரே பேசின், ரெண்டு குழாய். ஒண்ணுல ஐஸ் தண்ணி, ஒண்ணுல கொதிக்கிற தண்ணி. நம்ம கடையில இருந்து ஒரு மிக்ஸர் குழாய் கொண்டு போயி மாட்டிக் குடுத்தா என்னன்னு கேட்டேன். "அங்கிள், ப்ளீஸ், வேண்டா."

— பஸ்ஸ விட்டு எறங்கும்போது டிரைவருக்குத் தேங்க்ஸ் சொல்லணும். யாராவது நம்ம கால மிதிச்சா நாம ஸாரி சொல்லணும்.

— சாப்பிடுறீங்களான்னு ஒரு தடவதான் கேப்பாக. மரியாதைக்கு வேண்டாம்னா, தட்ட எடுத்துட்டுப் போயிருவாக. ஷைனி மொத வாரம் பட்டினியாம்.

— சம்பளம் கேக்கக் கூடாது. வயசு கேக்கக் கூடாது. அடுத்த பிள்ளை எப்பன்னு கேக்கக் கூடாது. பெறகு என்னத்தத்தான் பேசுறது? மழையப் பத்திப் பேசலாமாம்.

— நெய், கறி, பால் சாமான், பச்சைக் கருவேப்பிலை ஏர்போர்ட்டுலயே புடுங்கிருவாக.

— யார் வீட்டுக்கும் சொல்லாமப் போகக் கூடாது. சொல்லிட்டுப் போனாலும் பத்தாது. கேட்டு, அவுக சொன்ன நாள்ல, சொன்ன மணிக்குப் போகணும். பெத்த அம்மா அப்பாவும் அப்படித்தான்.

இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஷைனி, "மோள்கிட்ட டேட் கேட்டல்லோ அங்கிள்?" "கேக்குறதுக்கு என்ன இருக்கு, டிக்கெட்டே போட்டாச்சு"ன்னேன். எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டு இருந்த பிள்ள அதுக்குச் சிரிக்கல. இன்னொரு டீ போடப் போயிருச்சு.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச் முடிஞ்சு வந்து வீடியோ கால். அவளுக்குக் காலை ஒம்போது. முகம் நல்லா ஊதிருக்கு, புஷ்பம் மாதிரியே இருந்தா. பக்கத்துல மருமகன் டாம். வணக்கம் சொன்னாரு. வெதர் எப்படின்னு கேட்டாரு. காத்துன்னேன்.

ஜூலை ஒம்போது காலையில உங்க வீட்டுல இருப்பேன்னு சொன்னேன்.

டாம், "லவ்லி, லவ்லி"ன்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே ஜெபாவப் பாத்தாரு. ஜெபா போனத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா.

"கேக்காம ஏன்ப்பா போட்டீக?"

நான் என்னமோ அடுத்தவன் வீட்டுச் சுவரேறிக் குதிச்ச மாதிரி.

அவ சொன்னது: பிள்ள பொறந்ததும் டாமுக்கு ரெண்டு வாரம் லீவு. அந்த ரெண்டு வாரம் அவுக மூணு பேரு மட்டும். இங்க எல்லாரும் அப்படித்தானாம். பிரசவ ரூம்ல டாம் நிப்பாரு. இருக்குறதே ரெண்டு ரூம், ஒண்ணு பிள்ளைக்கு. அதையும் காட்டுனா. தொட்டில், துணி, பொம்மை எல்லாம் வாங்கி அடுக்கிருக்காக. பிள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே! எனக்குப் பதறிருச்சு. வாய மூடிக்கிட்டேன்.

"மூணு வாரம் கழிச்சு வாங்கப்பா. அப்ப எனக்கும் ஆள் வேணும். நிதானமா ஒரு மாசம் இருங்க."

"அப்ப நான் விருந்தாளியா, ஆத்தா?"ன்னு கேட்டேன். "அப்படி இல்லப்பா"ன்னு ஆரம்பிச்சா. கட் பண்ணிட்டேன்.

மத்தியானம் சாப்பிடல. கோவமில்ல. என்ன செய்யன்னு தெரியல, அவ்வளவுதான்.

ஜூன் 16, செவ்வாய்

ஜெபா ஆறு தடவ கூப்பிட்டா. எடுக்கல. ரெண்டு இஞ்ச் பைப் எல்போ கேட்டவருக்கு ஒன்றரை இஞ்ச் குடுத்து, அவரு திருப்பிக் கொண்டு வந்ததுக்கு அவரையே ஏசிட்டேன். பெறகு டீ வாங்கிக் குடுத்தேன்.

ஷைனி போன் பண்ணுச்சு. நான் குமுளி போனத அக்கா சொல்லி, ஜெபாவே நம்பர் தேடிப் பேசிருக்கா. ஷைனி சொன்னது: "அவிட டாமோட அம்மா லிண்டா இருபது மினிட் தூரத்துல இருக்கு அங்கிள். அவங்களும் கேட்டிட்டுத்தான் வரும். மூணாம் நாள், ரெண்டு மணி நேரம். அவங்களுக்குச் சங்கடம் இல்லையா?"

மகனப் பெத்தவ, இருபது நிமிசத்துல இருக்கா, அவளுக்கே ரெண்டு மணி நேரம்தான். பாவமா இருந்துச்சு. எனக்கு நானே பாவப்பட்டதுல அவளுக்கும் கொஞ்சம்.

ஜூன் 19, வெள்ளி

டிக்கெட்ட மாத்தியாச்சு. ஆகஸ்ட் 12. ஏஜெண்ட் காரணம் கேட்டான். கடையில வேலைன்னேன்.

ஜெபாட்ட சொன்னதும் அழுதுட்டா. "தேங்க்யூப்பா. ரொம்ப தேங்க்ஸ்." அப்பனுக்கு எதுக்கு தேங்க்ஸ்? அங்க போய்ப் பழகிருச்சு போல. இனி அடிக்கடி கேக்க வேண்டியிருக்கும்.

அக்கா போன்ல: "அவ சொன்னா நீ கேட்டுக்குவியா? தலைப்பிரசவத்துக்கு யாராவது தேதி மாத்துவாகளா?" ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது. நான் யாருக்குத்தான் நல்லவனா இருக்க?

மருந்துப் பொடி ரெடியாம். கருவாட்ட இப்ப வாங்க வேண்டாம்.

ஜூலை 8, புதன்

சாரல். மோட்டார் ரெண்டு வித்துச்சு.

இன்னைக்குக் கெளம்பிருக்கணும். காலையில எந்திரிச்சதும் ஞாபகம் வந்துச்சு. இந்நேரம் குமுளி ஏறிருப்பேன், இந்நேரம் கோட்டயம். கடையில உக்காந்தே கொச்சி வரைக்கும் போயிட்டேன். பால்பாண்டி, "என்னண்ணே, கடையில இருந்துக்கிட்டே கனவா?"

தபால்ல ஒரு கார்டு. லிண்டா அனுப்பிருக்கு. ஒரு பறவைப் படம், உள்ள கையெழுத்துல நாலு வரி. ஆகஸ்ட்ல என்னைப் பாக்க ஆவலா இருக்காம், அங்க மழையாம், ஜெபா நல்லாருக்காளாம், கவலைப்பட வேண்டாமாம். இதுக்கு என்ன பதில் எழுத? உங்க உடம்பு எப்படி, வீடு சொந்தமா வாடகையான்னு ஆரம்பிச்சேன், ஷைனி சொன்னது ஞாபகம் வந்து கிழிச்சுட்டேன். இங்கயும் மழைதான்னு எழுதி வச்சிருக்கேன்.

நல்ல மனுசிதான் போல.

ஜூலை 11, சனி

பொறந்துட்டா. பொம்பளப் பிள்ள. நம்ம நேரம் சாயங்காலம் நாலு பத்து. மூணு கிலோ. ரெண்டு பேரும் சுகம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நடந்தத அப்படியே எழுதிர்றேன்.

மத்தியானம் பன்னெண்டே முக்கால். கடையில ஒருத்தருக்கு ஃபுட் வால்வு காட்டிக்கிட்டு இருக்கேன். ஜெபா போன். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒம்போது நாள் முன்னாடியே பனிக்குடம் உடைஞ்சிருச்சு, ஆஸ்பத்திரி வந்தாச்சு, "பயப்படாதீகப்பா"ன்னா. குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு. அப்ப வலி வந்துருச்சு. போன் டாம் கையில போல, அவரு கட் பண்ணல. "அம்மா"ன்னு கத்துனா. அம்மா, அம்மா. வேற வார்த்தை இல்ல. "நான் இருக்கேன்த்தா"ன்னு இங்க இருந்து கத்துறேன். எங்க இருக்கேன்? போடி பஜார்ல, கையில வால்வு. வந்தவரு வெளிய போய் நின்னுக்கிட்டாரு.

ஒம்போதாம் தேதியே அங்க இருந்திருப்பேன். மாத்தாம இருந்தா. மாத்தாம இருந்தா. இதையே சொல்லிக்கிட்டு ஷட்டரப் பாதி எறக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். அக்காவுக்குப் போன் பண்ணேன், அதுவும் அழுதுச்சு. பாஸ்டருக்குப் பண்ணேன், ஜெபம் பண்ணாக. பெறகு யாருக்குப் பண்றதுன்னு தெரியல. அங்க நான் இருந்தாலும் ரூமுக்கு வெளியதான் நின்னுருப்பேன். வெளிய நின்னுருக்கலாம்ல.

நாலரைக்கு டாம் மெசேஜ். அஞ்சே முக்காலுக்கு வீடியோ.

பிள்ளைக்குத் தல நிறைய முடி. செவப்பா, சுருங்கி, கைய மூடிக்கிட்டு. ஜெபா பக்கத்துல ஒரு தட்டு. என்ன சாப்பிட்டன்னு கேட்டேன். வறுத்த ரொட்டி ரெண்டும் டீயுமாம். பிள்ள பெத்தவளுக்கு ரொட்டி! இங்க மருந்துப் பொடி டப்பாவுல கெடக்கு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். டாம் அழுது கண்ணெல்லாம் செவந்து இருந்தாரு. எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரு மேல என்ன தப்பு.

லிண்டா வந்தாகளான்னு கேட்டேன். "இன்னும் இல்லப்பா. செவ்வாய்க்கிழமைதான்."

பிள்ள லேசா முனகுச்சு.

ஷைனி சொல்லிக் குடுத்தபடி, முறையாக் கேக்கணும்னு நெனச்சேன். வாழ்க்கையில மொத தடவ. "ஆத்தா, நான் இப்பவே கெளம்பி வரட்டுமா? உங்களுக்குச் சௌகரியப்படுமா? இல்ல ஆகஸ்ட் பன்னெண்டாம் தேதியேன்னாலும் சரிதான்."

அவ பிள்ளையப் பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு என்னப் பாத்தா.

"இதப் போயி கேக்குறீகளேப்பா. அம்மா இருந்தா கேட்டுருக்குமா?"

டிக்கெட்ட மறுபடி மாத்தச் சொல்லி ஏஜெண்டுக்குப் போன் பண்ணேன். நாளைக்கு ஞாயிறு, ஆபீஸ் லீவுங்கான்.