நீ நிற்க விரும்பிய வரிசை

மச்சாள்,

நேற்று உன் மழை அங்கியை விரித்தேன். இங்கிலாந்துப் பூங்காவின் வாசலில் மழைக்குப் பயந்து நீ வாங்கிய அதே நீலப் பிளாஸ்டிக் அங்கி. திரும்பி வரும்போது ரயிலில் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி மடித்துப் பார்த்தாய். பழைய அளவுக்கு வரவில்லை. கோபத்தில் என் பைக்குள் திணித்துவிட்டாய். இத்தனை வருடமும் பீலெஃபெல்டில் என் வீட்டு நிலவறையில், குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. விரித்ததும் வினாகிரி மணத்தது. அன்றைக்கு நீ சிப்ஸ் மேல் ஊற்றி, பாதியை உன் மேலேயே கொட்டிக்கொண்ட வினாகிரி. இவ்வளவு காலம் ஒரு மணம் நிற்குமா என்று என்னைக் கேட்காதே. எனக்கு மணத்தது.

நேற்று நானும் உன் மகளும் இங்கே ஜெர்மனியில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். கீர்த்திக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. மழை தொடங்கியதும் அங்கியை என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். உனக்குக் கணுக்கால் வரை வந்தது அவளுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. அங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

லண்டனில் அந்தச் சாமத்திய வீடு முடிந்த மறுநாள் நினைவிருக்கிறதா? பெரிய பிள்ளையான பெண்ணைப் பல்லக்கில் தூக்கி வந்து, புகை அடித்து, ஆறு முறை சேலை மாற்றி, நமக்கெல்லாம் தலை சுற்றிவிட்டது. முப்பத்தைந்து வயதுப் பெண்கள் இரண்டு பேர் ராட்டினம் ஏறப் போகிறோம் என்றால் சிரிப்பார்கள் என்று, சேலைக்கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். விசேஷ வீட்டில் மிஞ்சிய அரியதரத்தையும் முறுக்கையும் ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு நீ கொண்டு வந்தாய். ரயில், பிறகு பேருந்து, பிறகு சேற்றில் நடை.

அந்தப் பூங்காவைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. யாரோ ஒரு பிரபுவின் இடிந்த மாளிகை, அதைச் சுற்றிப் புல்வெளி, வாத்துக் குளம். அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ராட்டினங்கள். மரங்களுக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாதென்று ஊரில் தடையாம். அதனால் பள்ளம் தோண்டித் தண்டவாளத்தைக் கீழே இறக்கியிருந்தார்கள். கண்ணாடியிழை டைனோசர் ஒன்றுக்கு வாலில் வண்ணம் உரிந்து உள்ளே நார் தெரிந்தது. நான் சமையலறை அலமாரி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். விளிம்பு எங்கே பிரிகிறது, திருகாணி எங்கே தெரிகிறது என்றுதான் என் கண் போகும். ஒவ்வொன்றையும் உனக்குக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"நீ ராட்டினம் ஏற வரேல்லை. ஆணி தேட வந்தனி" என்றாய்.

பெரிய ராட்டினத்தின் வாசலில் நூறு நிமிடம் காத்திருக்க வேண்டுமென்று பலகை சொன்னது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். நீ ஏற்கெனவே உள்ளே போய்விட்டாய். பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறவளுக்கு நூறு நிமிடம் ஒரு கணக்கா? ஆட்டுப்பட்டி போல் கம்பி அடித்த வரிசை. கூரை இல்லை. பார்க்க ஒரு படமில்லை, கேட்க ஒரு பாட்டில்லை. நடுவில் ராட்டினம் நின்றுபோனது. ஒலிபெருக்கியில் ஒருவர் மன்னிப்புக் கேட்டார். சற்று நேரம் கழித்து, மன்னிப்புக் கேட்டும் இன்னும் ஓடாததற்கு மன்னிப்புக் கேட்டார். சுற்றியிருந்த ஆங்கிலேயர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நனைந்தபடி சாண்ட்விச் தின்றார்கள். நாம் அரியதரம் தின்றோம்.

வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாத இடம் அது. கதைக்கத்தான் முடியும். முதலில் சாமத்திய வீட்டுச் சாப்பாடு, பிறகு யார் யாருடன் கோபம், பிறகு உன் வேலை, என் வேலை. எல்லாம் தீர்ந்த பிறகு சிறிது நேரம் பேசாமல் நின்றாய். பிறகு கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"மச்சாள், நெஞ்சில ஒரு கட்டி மாதிரிக் கிடக்கு. மூண்டு மாசமாச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கீர்த்தியின் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏனென்று கேட்டேன். முதலில் உன் தம்பியின் கலியாணம் வந்தது. அது முடிய ஒரு புதுவீட்டுக் குடிபூரல். அது முடிய இந்தச் சாமத்திய வீடு. நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் நோய் வருத்தத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாதென்று ஒவ்வொன்றாக முடியக் காத்திருந்திருக்கிறாய். நம்முடைய ஆட்களுக்கு நல்ல காரியம் எப்போது முடிந்தது? எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது.

நீ சொல்லி முடிக்கும் முன்னரே நாம் வரிசையின் தலைக்கு வந்துவிட்டோம். பொறுப்பாளராக நின்ற பெடியன் ஏறச் சொல்லிக் கை காட்டினான். நீ பின்னால் நின்ற குடும்பத்தை முன்னே போகவிட்டாய். அடுத்த வண்டி வந்தது. அதற்கும் வேறு ஆட்களை விட்டாய். மூன்றாவது முறை அவன் என்ன பிரச்சினையென்று கேட்டான். நாங்கள் இன்னும் கதைத்து முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவன் அதற்கும் மன்னிப்புக் கேட்டான். பிறகுதான் ஏறினோம். அந்தப் பள்ளத்துக்குள் தலைகீழாகப் போனபோது நீ சிரித்தாய், நான் அழுதேன். படம் எடுக்கும் இடத்தில் இருவர் முகமும் ஒரே மாதிரித்தான் விழுந்திருந்தது.

திரும்பி வந்த வாரமே வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்தேன். வைத்தியரிடம் உன்னோடு நானும் வந்தேன். வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடி போய்த் திரும்பி வந்தது. நான்கு வருடம் நன்றாக இருந்தாய்.

அந்த நான்கு வருடமும் நமக்கு ஒரே சண்டை. ரொறொன்ரோச் சொந்தங்களோடு நான் ஒரு முறை புளோரிடாவுக்குப் போய் அமெரிக்கப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த நாள் தொடங்கி உனக்குப் பிரசங்கம். அங்கே ஒரு திருகாணி வெளியே தெரியாது. பற்றைக்குள்ளிருந்து பாட்டு வரும். பாண் சுடும் மணத்தைக்கூட எங்கிருந்தோ விடுவார்கள். வரிசையில் நிற்கிறோம் என்றே தெரியாது, ஒவ்வொரு அறையிலும் ஒரு கதை நடக்கும். பணத்தைக் கொட்டினால் இப்படிக் கட்டலாம் என்பேன். அந்த ஆங்கிலேயர் ஒரு ராட்டினத்தைப் பள்ளத்தில் போட்டுவிட்டு டைனோசரின் வாலைக்கூட ஒட்டத் தெரியாமல் இருக்கிறார்கள் என்பேன்.

நீ விட்டுக்கொடுக்கவில்லை. "அங்க எல்லாத்தையும் அவையளே சொல்லிப்போடுவினம். பிறகு நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?" என்றாய். நான் அதை உன் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு வருத்தம் திரும்பி வந்தது. இந்த முறை எலும்புக்குள். வைத்தியர் கதைத்த விதத்தில் இருவருக்கும் விளங்கிவிட்டது. அந்தக் கோடையில் ரொறொன்ரோவில் ஒரு கலியாணம். கலியாணம் முடிய இரண்டு நாள் எங்கேயாவது போவோமா என்று கேட்டேன். இங்கிலாந்துக்கே போகலாம், அந்த டைனோசர் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கலாம் என்றாய். நான் கேட்கவில்லை. உனக்குப் பெரிதாக ஒன்றைக் காட்ட வேண்டும் என்று நின்றேன். கீர்த்தியை அவள் அப்பாவோடு ரொறொன்ரோவில் விட்டுவிட்டு நாம் இருவரும் புளோரிடாவுக்குப் பறந்தோம்.

வரிசை தாண்டும் பாஸை இருவருக்கும் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். உன்னால் வெயிலில் நிற்க ஏலாது என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை, மச்சாள். இதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். உன்னோடு ஒரு வரிசையில் நிற்கப் பயந்துதான் அதை வாங்கினேன். நின்றால் நீ கதைப்பாய். கதைத்தால் நீ போகப் போவதைப் பற்றித்தான் கதைப்பாய்.

அமெரிக்கா என்னை ஏமாற்றவில்லை. நான் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. ஒரு கதவில் கையில் கட்டிய பாஸ் பட்டியைக் காட்டினால் அடுத்த கதவு திறந்தது. சிரித்த முகங்கள் கையசைத்து உள்ளே விட்டன. வயிற்றைப் புரட்டாதவையாகப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறினோம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சவாரியின் முன்னறையில், மேலே செய்து வைத்த வானத்தில் நட்சத்திரங்கள் மின்ன, நீ என் கையைப் பிடித்தாய்.

"மச்சாள், உனக்கு ஒண்டு சொல்லோணும்."

அப்போது கதவு திறந்தது. பிறகு கதைப்போம் என்று சொல்லி உன்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் கதவு திறந்ததற்கு நான் எவ்வளவு நன்றி சொன்னேன் என்று உனக்குத் தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

மதியம் நிழலில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் எப்படி என்று கேட்டேன். பெரிய வெற்றி வீராங்கனை மாதிரிக் கேட்டேன். நீ சுற்றிவரப் பார்த்தாய்.

"வடிவாத்தான் கிடக்கு. ஒரு ஆணியும் தெரியேல்லை. நிக்கத்தான் விடேல்லை" என்றாய்.

பீலெஃபெல்டுக்கு வந்த பிறகு எந்த நேரமும் உன்னைச் சுற்றி ஆட்கள். சூப்பும் சோறும் கொண்டு வந்தார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கலியாண வீடுகளைப் பற்றிக் கதைத்தார்கள். உன்னோடு தனியாகக் கதைக்காமல் இருக்க அந்த ஆட்களையும் நான் ஒரு சாட்டாக எடுத்துக்கொண்டேன். மார்கழியில் நீ போய்விட்டாய். புளோரிடாவில் சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதுமில்லை. கேட்காமல் விட்டவள் நான்தான்.

நேற்று கீர்த்தியோடு போன பூங்கா உன் பூங்காவுக்கும் என் பூங்காவுக்கும் நடுவில் நிற்கும். சுத்தமும் ஒழுங்கும் என் கட்சி, மழை உன் கட்சி. வாசலில் வரிசை தாண்டும் பாஸ் இருந்தது. பழைய குணம் போகவில்லை, வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஏன் மாமி, அவசரமோ?" என்றாள்.

எழுபது நிமிட வரிசை. மழை. உன் அங்கிக்குள் அவள், என் குடைக்குள் நான். பாடசாலை, சிநேகிதி, ஓட்டுநர் உரிமம் எந்த வயதில் எடுக்கலாம் என்று எல்லாம் கதைத்துத் தீர்த்தாள். பிறகு பேசாமல் நின்றாள். அந்த மௌனம் எனக்கு முன்பே பழக்கமானது. இந்த முறை நான் கதவு திறக்க வேண்டுமென்று வேண்டவில்லை.

"அம்மா ஒருக்காச் சொன்னவ" என்றாள். "மாமி பயத்தில்தான் அந்தப் பாஸை வாங்கினவ, பாவம், அவவோட அதைப் பற்றிக் கதைச்சுப்போடாதை எண்டு."

தெரிந்துதான் இருந்திருக்கிறாய். தெரிந்துகொண்டு அந்தச் செய்து வைத்த வானத்துக்குக் கீழே என்னோடு ஓடித் திரிந்திருக்கிறாய். குடையை நான் முகத்துக்கு நேரே சரித்துக்கொண்டேன். கீர்த்தி அதைக் கண்டும் காணாதவள் போல நின்றாள். அந்தப் பழக்கம் உன்னுடையது.

கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் வருமோ எண்டு பயமாக் கிடக்கு மாமி. அப்பாட்டச் சொல்ல ஏலாது. ஒரு வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளுடைய அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாள், பிறகு ஒரு கலியாணம், பிறகு உன் ஆண்டுத் திவசம். எல்லாவற்றையும் அவளும் ஒவ்வொன்றாக முடியவிட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வைத்தியரிடம் டெர்மின் எடுப்போம், நானும் வாறன், அப்பாவுக்கு நான் சொல்லுறன் என்றேன். அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே உன்னுடைய கடைசி மாதங்களைப் பற்றிக் கேட்டாள், ஒன்றன்பின் ஒன்றாக, யாரிடமும் கேட்காத கேள்விகள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

அதற்குள் நாங்கள் வரிசையின் தலைக்கு வந்துவிட்டோம். வண்டி வந்து நின்றது. சீருடை போட்ட பெண் கை காட்டினாள். பின்னால் நின்ற தகப்பனையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, நீங்கள் முதலில் போங்கள் என்றேன். வரிசை குழம்புவதில் அந்த மனிதருக்கு விருப்பமில்லை, ஆனாலும் போனார். அடுத்த வண்டிக்கு ஒரு இளம் சோடியை விட்டேன். மூன்றாவது முறை அந்தப் பெண் என்னிடம் வந்து ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள்.

நாங்கள் இன்னும் கதைத்து முடியவில்லை என்று சொன்னேன்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, இது ஜெர்மனி. ஓரமாக நிற்கச் சொன்னாள். உன் அங்கியின் தொப்பியை உன் மகளின் தலையில் இழுத்துவிட்டு ஓரமாக நின்றேன். நான்காவது வண்டியும் போயிற்று, ஐந்தாவதும் போயிற்று. கீர்த்தி கதைத்துக்கொண்டிருந்தாள்.