நீ மாற்றிய ஒயில்

என் காரின் பொனற்றுக்குள் நீ கம்பியால் கட்டித் தொங்கவிட்ட அட்டை இன்னும் இருக்கிறது. அடுத்த ஒயில் மாற்றவேண்டிய கிலோமீற்றரை உன் கையால் எழுதி, கீழே "சிந்தெட்டிக்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறாய். இன்று காலை மீற்றர் அந்த எண்ணுக்கு வந்துவிட்டது.

மச்சான், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது, இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணிவிடச் சொல்லித்தான் சாவியைத் தந்தேன். திரும்பி வந்தால், மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடிய என்ஜினில் நான் வருடக்கணக்காக விட்டுவந்த ஒயிலை வடித்துவிட்டு, சிந்தெட்டிக் என்ற விலை கூடிய செயற்கை ஒயிலை ஊற்றி வைத்திருந்தாய். எனக்குப் பரிசாம்.

"என்னைக் கேட்டனியே?" என்றேன்.

"கேட்டா விடுவியா?" என்று சிரித்தாய். "நீ புத்தகத்தைப் பாத்து என்ஜினைப் படிச்சவன், மச்சான். என்ஜின் அந்தப் புத்தகத்தைப் படிக்கல்ல."

ஓம், நான் புத்தகத்தில் படித்தவன்தான். எந்தக் கராஜிலும் வேலை பழகாமல், கையேட்டை வைத்துக்கொண்டு அந்த என்ஜினை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். நீ துறைமுகத்தில் கிரேன் திருத்தியவன். பழைய என்ஜினுக்கு இது ஆகாது, கசியும் என்றேன். ஒயில் மாற்றி மூன்றாம் கிழமை கசிந்தது. வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழே, கார் நிற்கும் இடத்தில் கறுப்புத் துளிகள். மேல்மாடிக்காரர் வந்து சத்தம் போட்டார். நான் அதைத் திருத்தவில்லை. உன் பிழைக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று விட்டேன். கொட்டாஞ்சேனைக்கு, உன் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினேன்.

ஐந்து மாதம் கழித்து நீதான் போன் எடுத்தாய்.

"ஞாயித்துக்கிழமை வத்தளையில பேத்திக்கு ஞானஸ்நானம். என்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போறியா? பஸ்ஸில நிக்க ஏலாது மச்சான், மூச்சு வாங்குது."

"நீ ஒயில் மாத்தின கார்தானே. அது ஓடாது."

 "சரி மச்சான்" என்று வைத்துவிட்டாய்.

பத்து நாளில் நீ போய்விட்டாய். ஞானஸ்நானத்துக்கு, வத்தளைக்கு நீர்கொழும்பு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாய் என்று உன் மகள் செத்தவீட்டில் சொன்னாள். "அங்கிளுக்கு வர நல்ல விருப்பம், கார்தான் பழுது எண்டு அப்பா சொன்னவர்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இன்று என்ஜினின் மேலே உள்ள வால்வ் மூடியை நானே கழற்றினேன். ஓரத்து ரப்பர் பிஸ்கட் போல நொறுங்கியது. அது நேற்று இன்று காய்ந்த ரப்பர் இல்லை. இத்தனை காலம் அதை அடைத்து வைத்திருந்தது பழைய ஒயிலின் பசை. நீ ஊற்றியது அதைக் கழுவிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே என்ஜின் அப்படிச் சுத்தமாக இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. புது ரப்பர் போட்டு, அதே சிந்தெட்டிக்கை ஊற்றினேன்.

ஆக, ஒயில் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. என்னைக் கேட்காமல் மாற்றியது பிழை, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது உனக்கும் எனக்கும் உள்ள கணக்கு, நீ இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்போம்.

தீர்க்க முடியாதது ஒன்று இருக்கிறது. உன் மகளிடம்கூட நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கார் ஓடியது, மச்சான். பாமன்கடை மில்லுக்குப் போய் மிளகாய்த்தூள் திரித்துக்கொண்டு வந்தேன்.