புருஷனுக்கும் முப்பது நாள்

வியாழன் இரவு, கத்தார், ராஸ் லஃபான் கேம்ப்.

காலையில் லீவு கேட்டேன். ஊரில் என் மனைவி செல்விக்கு இது ஒன்பதாம் மாதம். முதல் பிரசவத்தில் நான் பக்கத்தில் இல்லை. அந்தக் குழந்தையும் தங்கவில்லை. "வேலை முடியுற வரைக்கும் லீவு மாஃபி, கிடையாது" என்றார் ஃபோர்மேன்.

கொரிய இன்ஜினியர் பார்க் சார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாதி இந்தியில் ஒரு கதை சொன்னார். அறுநூறு வருஷத்துக்கு முன் அவர்கள் ஊரில் ஒரு ராஜா. சாதாரண ஜனங்களும் படிக்கட்டும் என்று புது எழுத்தே உண்டாக்கியவர். அரசாங்க அடிமைப் பெண்களுக்குப் பிரசவத்துக்கு நூறு நாள் லீவு கொடுத்தார். கவனிக்க ஆளில்லாமல் அதற்குப் பிறகும் சிலர் இறந்தார்கள். அதனால் புருஷன்களுக்கும் முப்பது நாள் கொடுத்தார்.

"அடிமைங்களுக்கா சார்?"

"ஆமா பாய், அடிமைகளுக்கு."

எழுந்து நேராக ஃபோர்மேனிடம் போனார். திரும்பி வந்து, "பதினஞ்சு நாள்தான் வாங்க முடிஞ்சது" என்றார், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி.

செல்விக்குப் போன் செய்து ராஜா கதையையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் வாங்க. அதுவரைக்கும் உள்ளயே இருன்னு பிள்ளைகிட்ட சொல்லிவைக்கிறேன்."